ஏழாம் நம்பர் மூச்சு

இதை நம்புங்கள் என்று நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. கெஞ்ச வேண்டிய இடத்தில், கெஞ்ச வேண்டிய நேரத்தில் கெஞ்சி முடித்துவிட்டேன். ஒருவரும் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம். ஆனால் இதில் ஒரு வார்த்தைகூட நான் இட்டுக்கட்டியது இல்லை. என் காதால் கேட்டது, என் நாக்கால் உணர்ந்தது.

என் பெயர் நாகவல்லி. ஊர் திருமுல்லைவாயில். 1994-இல் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். கடலுக்கு அடியில் நீந்துகிறவர்கள் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, ஒரு கருவியை வாயில் கவ்வி மூச்சு விடுவார்களே, அந்தக் கருவியை அங்கே பூட்டினோம். அதற்கு இங்கிலீஷில் பெரிய பெயர் உண்டு. நாங்கள் 'வாய்' என்றுதான் சொல்வோம். "இன்னிக்கு எத்தினி வாய்டி முடிச்ச?" என்று கேட்டுக்கொள்வோம். எங்களில் ஒருத்திக்கும் நீச்சல் தெரியாது.

ஆர்டர் கொடுத்தது ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி. அதுவரை தங்கள் ஊரிலேயே செய்துகொண்டிருந்தார்கள். இங்கே கூலி குறைவு என்று நம் தலையில் கட்டினார்கள். டப்பாவில் மட்டும் அவர்கள் ஊர்ப் பெயர் பெரிதாக இருக்கும். அம்பத்தூர் என்று எங்கும் இருக்காது.

என் வேலை சுலபமானது. காற்று வரும் வழியை அடைத்துவிட்டு, வாயில் வைத்து நன்றாக உறிஞ்ச வேண்டும். ஒன்றும் வரக்கூடாது. துளி காற்று வந்தால் போச்சு. விட்ட மூச்சு வெளியே போக உள்ளே ஒரு மெல்லிய ரப்பர் மூடி இருக்கிறது; அது சரியாக மூடவில்லை என்று அர்த்தம். இங்கே அந்தச் சந்தில் காற்று வரும். கடலுக்கு அடியில் தண்ணீர் வரும். நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் மற்ற செக்ஷன்காரர்கள் எங்களை நாதஸ்வர கோஷ்டி என்று கேலி செய்வார்கள்.

பாஸ் ஆனால் உள்வளையத்தில் நம்பர் அச்சை வைத்து, சுத்தியலால் ஒரு தட்டு. என் நம்பர் ஏழு. பக்கத்து ஸ்டூல் சொர்ணத்துக்கு எட்டு. பெயில் ஆனால் அந்த ரப்பரை நாங்களே கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிப் போட வேண்டும். வெட்டாமல் வைத்தால் யாராவது எடுத்து அனுப்பிவிடக்கூடும் என்பதற்காக அந்த விதி.

சொர்ணத்தை வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். கள்ளிக்குப்பத்தில் வீடு. எனக்குப் பிள்ளை இல்லை. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் என்னைப் பெரிம்மா என்றுதான் கூப்பிடும். சின்னவனுக்குப் பெயர் வைத்தது நான். அவளை நான் சந்தேகப்பட்டதே கிடையாது. ஏன் சந்தேகப்பட வேண்டும்?

முதல் வருடம் ரப்பர் வெளிநாட்டிலிருந்து வந்தது. வெண்ணெய் மாதிரி இருக்கும். அடுத்த வருடம் வெள்ளைக்காரன் ரேட்டைக் குறைத்தான். எங்கள் முதலாளி ரப்பரைக் காட்டுப்பாக்கத்தில் ஒரு கொட்டகையிலிருந்து வாங்க ஆரம்பித்தார். வெயில் பட்டால் அப்பளம் மாதிரி ஓரம் வளைந்துகொள்ளும். பெயில் கூடியது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம், கப்பலுக்குப் போக வேண்டிய கடைசிச் சரக்கைப் பார்த்தேன். பதினோரு வாய் பெயில். சூப்பர்வைசர் உலகநாதன் வந்து தலையைச் சொறிந்தார். "பாத்து பண்ணும்மா. சரக்கு கொறஞ்சா ஆர்டரைத் தைவானுக்குக் குடுத்துடுவான்" என்றார். முடியாது என்றேன். சிவப்புப் பெட்டியில் பதினொன்றையும் போட்டேன்.

வெட்டலாம் என்று கத்தரிக்கோலைத் தேடினேன். அது ஏற்கெனவே கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் இருந்தது. எங்கள் நம்பர் அச்சுகளும் அதோடுதான். கை நீட்டினேன். சொர்ணம் தடுத்தாள்.

"சாமிகிட்ட வெச்சத எடுக்காத நாகு. பாவம். விஜயதசமி அன்னிக்கு எடுத்து வெட்டிக்கலாம். எங்க ஓடிடப் போவுது?"

சரி என்று விட்டுவிட்டேன். பூஜையில் வைத்த ஆயுதத்தை யார் தொடுவார்கள்?

மறுநாள் பூஜை முடிந்து, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு எல்லோரும் மதியத்துக்குள் கிளம்பிவிட்டார்கள். சாயங்காலம் விளக்கேற்றும் பொறுப்பு என்னுடையது. வீட்டில் பிள்ளை குட்டி இல்லாதவள் நான்தான் என்று முதலாளி பரந்தாமன் சாரே சொல்லியிருந்தார். நான் போனபோது மணி ஐந்து ஐம்பது. தூறல். கேட்டில் வாட்ச்மேன் முனியன் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"கரண்ட் இல்லம்மா. சீக்கிரம் வெளக்கேத்திட்டு வந்துடு."

உள்ளே போனேன். மெஷின்களுக்கெல்லாம் மாலை. வாழைக்கன்று. சாம்பிராணி வாசனைதான் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. வேறு ஒரு வாடை. உப்பு… பாசி… மெரினாவில் இறங்கி நின்றால் அடிக்குமே, அது.

அம்பத்தூரில் ஏது கடல்?

ஏரிப் பக்கமிருந்து காற்று அடிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விளக்கை ஏற்றினேன். தாம்பாளத்தைப் பார்த்தேன். எட்டாம் நம்பர் அச்சில் குங்குமம் அப்படியே இருந்தது. ஏழாம் நம்பரில்… இல்லை. யாரோ துடைத்திருந்தார்கள். அடிபட்ட தலை புதுசாகப் பளபளத்தது.

குனிந்து அதை எடுக்கப் போனேன்.

சுடர் சாய்ந்தது.

காற்று இல்லை. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. ஆனால் சுடர் பின்பக்கம், ஸ்டோர் ரூம் இருக்கும் பக்கம் சாய்ந்தது. மெதுவாக நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. நிமிர்ந்தது.

யாரோ அதை இழுத்து விடுகிற மாதிரி.

அப்போதுதான் சத்தம் கேட்டது. ஹ்ஹ்ஸ்ஸ்… நீளமாக ஒரு இழுப்பு. பிறகு குளு… குளு… குளு… குமிழிச் சத்தம். எனக்குத் தெரியாத சத்தமா அது? கம்ப்ரசர் காற்றை விட்டு, தொட்டித் தண்ணீரில் வாயை முக்கிச் சோதிக்கும்போது தினமும் நான் கேட்கிற சத்தம். ஆனால் கம்ப்ரசர் ஓடவில்லை. தொட்டியைப் பூஜைக்காகக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தோம்.

"யாரு?"

ஹ்ஹ்ஸ்ஸ்… குளு குளு…

சத்தம் ஸ்டோர் ரூமிலிருந்து வந்தது. போகாதே என்று மனம் சொன்னது. கால் போனது. சிவப்புப் பெட்டி வழக்கமான இடத்தில் இருந்தது. திறந்து பார்த்தேன்.

காலி.

பதினொன்றில் ஒன்றுகூட இல்லை. அடியில் விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது.

தரையைப் பார்த்தேன். ஈரத் தடங்கள். மனிதக் கால் இல்லை. அகலமாக, தட்டையாக, வாத்துக் கால் மாதிரி. கம்பெனி காலண்டரில் கடல்காரன் போட்டுக்கொண்டிருக்கும் ரப்பர் கால்கள் அவை. சுவரிலிருந்து புறப்பட்டு வந்திருந்தன.

என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தன.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

ஹ்ஹ்ஸ்ஸ்… காதுக்குப் பக்கத்தில்.

அது இழுத்தபோது நானும் இழுத்தேன். அது விட்டபோது நானும் விட்டேன். என் மூச்சு என்னிடம் இல்லை.

டங்… டங்… டங்… இரும்பில் இரும்பு தட்டுகிற ஓசை. அவசரமாக.

இழுப்பு மாறியது. ஹ்ஹ்ஸ்… க்ளக். தண்ணீர் ஏறுகிற சத்தம்.

என் வாயிலும் ஏறியது.

உப்பு.

"நான் இல்ல… நான் தள்ளி வச்சேன்… என் நம்பர்தான், என் கை இல்ல…"

சொன்னேனா, நினைத்தேனா, தெரியாது.

இழுப்பு நின்றது.

என்னுடையதும்…

சுடர் அணைந்தது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. கேட்டுக்கு வெளியே விழுந்து வாந்தி எடுத்தேன். வெறும் தண்ணீர். உப்புத் தண்ணீர். முனியன் பயந்துபோய்த் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா ஆச்சு? இன்னாத்த கண்ட?"

"மதியானம் யார் வந்தாங்க?"

"சூப்பர்வைசர் சாரு. அப்பால உன் ஃப்ரெண்டு சொர்ணம். வேன் வந்து பொட்டி ஏத்திகினு ஆர்பருக்குப் போச்சே. ஒனக்குத் தெரியாதா?"

பேயைக் கண்ட நடுக்கம் அந்த நொடியே போய்விட்டது. வேறு நடுக்கம் வந்தது. ஈரப் புடவையோடு நேராகக் கள்ளிக்குப்பம் போனேன். சொர்ணம் வாசலில் பிள்ளைகளுக்குப் பொரி பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். முகமே சொல்லிவிட்டது.

"நீதான் என் நம்பர அடிச்சியா?"

"சாரு கேட்டாரு. ஆர்டர் போச்சுன்னா கம்பெனிய மூடிடுவாங்களாம். எவனோ வெள்ளக்காரன், எங்கியோ கடல்ல… நமக்கு இன்னா நாகு?"

"சாமி முன்னால இருந்த அச்சு சொர்ணம்."

"தொட்டுக் கும்பிட்டுத்தான் எடுத்தேன்."

"சரி. உன் அச்சும் பக்கத்துலதானே இருந்துச்சு? எட்டாம் நம்பர்? அத ஏன் எடுக்கல?"

சின்னவன் "பெரிம்மா" என்று வந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டான். சொர்ணம் அவனை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"எனக்கு ரெண்டு கொழந்தை கீது நாகு."

கூட இருந்தே குழி பறிப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். குழிக்குள் இருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நாளைக்கு ஏதாவது ஆனால் மாட்டுவதற்கு ஆள் வேண்டும். பிள்ளை இல்லாதவள் மாட்டினால் யாருக்கு நஷ்டம்? எண்ணிப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறாள்.

விஜயதசமி காலையில் எல்லோர் முன்னாலும் முதலாளியிடம் சொன்னேன். சரக்கு இன்னும் துறைமுகக் கொட்டகையில்தான் இருக்கிறது, ஒரு போன் போட்டு நிறுத்துங்கள் என்றேன். காலில் விழுந்தேன். முழு உண்மையையும் சொல்ல வேண்டும் என்று மூச்சுச் சத்தத்தையும் தடங்களையும் சொன்னேன். அங்கேதான் கெட்டது.

"பேயே வந்து பாஸா பெயிலான்னு சொல்லிச்சா?" என்றார் உலகநாதன்.

கொல்லென்று சிரித்தார்கள். சொர்ணமும் சிரித்தாள். அவள் அச்சை எடுத்ததைக்கூட ஒருநாள் மன்னித்துவிடலாம். அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை. பரந்தாமன் சார் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் ஓய்வு எடு என்றார். தீபாவளிக்கு முன்னால் என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். போன் போடவே இல்லை.

1996 கோடையில் ஒரு கார் எங்கள் தெருவுக்குள் வந்து நின்றது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர். அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல, முதலாளி மகன் சம்பத் கூட வந்திருந்தான். அதிகாரி ஒரு பையிலிருந்து எடுத்துக் காட்டினார். வாய். உள்வளையத்தில் ஏழு. ரப்பர் ஓரம் மடிந்திருந்தது.

அவர்கள் நாட்டில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். முப்பது வயது. இதைக் கவ்விக்கொண்டு கடலில் இறங்கியவர் ஏறி வரவில்லை. மூச்சோடு தண்ணீரும் வந்திருக்கிறது. சிலிண்டரைக் கத்தியால் மூன்று தரம் தட்டி உதவி கேட்டிருக்கிறார். கூட நீந்தியவர் திரும்பிப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது.

"இது உங்க நம்பர்தானான்னு கேக்குறாரு" என்றான் சம்பத்.

"நம்பர் என்னது. கை என்னது இல்ல. உங்க அப்பாவுக்குத் தெரியும்."

சம்பத் அதை மொழிபெயர்த்தானா இல்லையா, தெரியாது. எனக்கு அழுகை வந்தது. பாவம், அந்த ஆத்மா அன்றைக்கே நம்பரைத் தேடிக் கடல் தாண்டி வந்திருக்கிறது என்று நினைத்தேன். ஆயுத பூஜை அன்றைக்குத்தானே செத்தார் என்று கேட்டேன்.

அதிகாரி முழித்தார். சம்பத் திரும்பக் கேட்டுச் சொன்னான்.

"இல்லக்கா. அவரு செத்தது தொண்ணூத்தஞ்சு டிசம்பர்ல. கடையில இத வாங்குனதே அந்த வருஷம் ஜூன்லதான்."

நான் அந்த மூச்சைக் கேட்டது 1994 அக்டோபரில். அப்போது அந்த வாய் நம் ஊர்த் துறைமுகத்தில், பெட்டிக்குள் இருந்தது. அந்த மனிதர் அவர் ஊரில் உயிரோடு இருந்தார். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு வருடத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. ஒரு போன் போதுமாக இருந்தது.

மீதி பத்து எங்கே என்று கேட்டேன். நாலு திரும்பி வந்துவிட்டனவாம். ஆறு பல நாடுகளில் விற்றுப்போய்விட்டன. யார் வாங்கினார்கள் என்று கடைகளுக்கே தெரியாதாம். கார் போய்விட்டது.

இது 1998. போன செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். உப்பு வாடை வந்தது. பிறகு அந்த இழுப்பு. குளு… குளு… ஓடவில்லை. யார் நீ, எந்த ஊர் என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். பக்கத்து வீட்டு எல்லம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

எங்கேயோ ஒருவர் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார். டப்பாவில் நல்ல ஊரின் பெயரைப் பார்த்து, நம்பி வாங்கியிருக்கிறார். எந்தக் கடல், எந்த மாதம், ஒன்றும் எனக்குத் தெரியாது. யாருக்குப் போன் போடுவேன்?

ஒன்று மட்டும் தெரிகிறது. அது பெரியவர்கள் மூச்சு இல்லை. இழுப்பு சின்னதாக இருந்தது. சின்னப் பிள்ளை மூச்சு.