சாக்குக்கு இரண்டு கிலோ

மகளின் பாடசாலையில் பெற்றோர் கூட்டம் என்றால் நான் ஒன்றையும் விட்டதில்லை. பிள்ளை மேல் எவ்வளவு அக்கறை என்று ஊரில் சொல்வார்கள். பாதி அக்கறை, பாதி பயம். நான் இல்லாத நேரத்தில் ஏதாவது முடிவெடுத்துவிடுவார்களோ என்கிற பயம். சுற்றுலா போகிற பஸ்ஸுக்கு பிரேக் பார்த்தார்களா, சாப்பாட்டுப் பார்சலை எத்தனை மணிக்குக் கட்டினார்கள், குளிக்கிற இடத்தில் ஆழம் எவ்வளவு என்றெல்லாம் எழும்பி நின்று கேட்கிற தாய் நான் ஒருத்திதான். வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்பாள்: "இண்டைக்கு எத்தினை கேள்வி?"

அப்படி ஒரு கூட்டத்தில்தான், மகளும் இருக்கிற கடெற் மாணவர் படைக்குப் பொறுப்பான சேர் பிள்ளைகளை விமானத்தில் ஏற்றப் போவதாகச் சொன்னார். கொழும்பில் விமானம் ஓட்டப் பழக்குகிற ஒருவர் சிறிய விமானம் ஒன்றை மட்டக்களப்பில் கொண்டுவந்து இறக்குவாராம். பிள்ளைகளை மூன்று மூன்று பேராக ஏற்றி, வாவிக்கு மேலே கால்மணி நேரம் சுற்றிக் காட்டுவாராம். ஓட்டப் பழக்குவது இல்லை. விமானத்துக்குள் என்ன இருக்கிறது, எது எதற்கு, மேலே போனால் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குப் பழக்கம் வருவதற்காகத்தான் அந்தப் பறப்பு. எங்கள் பாடசாலையிலிருந்தும் ஏறாவூர்ப் பாடசாலை ஒன்றிலிருந்தும் மொத்தம் இருபத்துநான்கு பேர். இந்த முறை சரிவந்தால் வருடா வருடம் செய்யலாம் என்றார் சேர்.

மற்றத் தாய்மார் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. சண்டைக் காலத்தில் வளர்ந்த என் வயதுக்காரருக்கு வானத்தில் இரைச்சல் கேட்டால் நிமிர்ந்து பார்க்கத் தோன்றாது, குனியத்தான் தோன்றும். எழும்பினேன்.

"சேர், அதுக்கு எத்தினை என்ஜின்?"

"ஒண்டு அக்கா."

"அது நிண்டா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் விடவில்லை. "வாவியில கொக்கும் நீர்க்காகமும் கூட்டம் கூட்டமா நிக்கிற. அடிபட்டா? புள்ள மேல போய்ச் சத்தி எடுத்தா? பயத்தில கதவைத் திறந்தா?"

ஏழாவது கேள்வியில் சேர் கையை உயர்த்தினார். "அக்கா, இதெல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதித் தாங்க. அந்த ப்ளேன்காரருக்கு என்னத்தக் கேட்டு எழுதுறதெண்டு தெரியாமத்தான் நான் ரெண்டு கிழமையா முழிச்சிட்டு இருக்கன்."

நக்கலடிக்கிறார் என்று நினைத்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். என்னிடம் எழுதித் தரச் சொல்லி ஒரு வாத்தியார் கேட்பது என்றால் வேறு என்னவாக இருக்கும்? ஆனால் அடுத்த நாள் காலையில் பாடசாலைக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளை எங்கள் நெல் கடை வாசலில் நிறுத்தி, "எழுதிட்டீங்களா?" என்றார்.

நாற்பத்தொரு கேள்வி எழுதினேன். சேர் அவற்றை ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பினார். ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. காற்று எவ்வளவு அடித்தால் பறப்பதில்லை, காலையில் பிள்ளைகள் எதைச் சாப்பிடலாம், வாந்தி எடுக்க எத்தனை சொப்பிங் பேக் வேண்டும், ஏறும்போது யார் கையைப் பிடிக்க வேண்டும், பெற்றோர் எந்தக் கோட்டுக்கு இப்பால் நிற்க வேண்டும் என்று எல்லாம் இருந்தது. அந்தப் பதில்களைத்தான் சேர் வரிசைப்படுத்தி, அதிபரிடமும் விமான நிலையத்திலும் நிகழ்ச்சித் திட்டம் என்று கொடுத்தார். இரவில் என்னை உறங்கவிடாத பயங்கள் எல்லாம் எண் போட்டு, தட்டச்சடித்து, முத்திரையும் குத்தி வந்ததைப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் மரியாதை வந்தது.

பதில் கடிதத்தின் கடைசியில் விமானி எங்களிடம் ஒன்று கேட்டிருந்தார். ஒவ்வொரு பிள்ளையின் நிறையும் சரியாக வேண்டும். முழுச் சீருடையோடு, சப்பாத்தோடு. மூன்று பேரும் சேர்ந்து நூற்று அறுபத்தைந்து கிலோவுக்கு மேல் போனால் ஏற்ற மாட்டார்.

சேர் தலையைச் சொறிந்தார். பாடசாலைத் தராசு முள் ஆடாமல் நின்று பல வருடம்.

"அத என்னட்ட விடுங்க சேர்," என்றேன். "நிறுக்கிறதுதானே என்ட வேலை."

அது உண்மை. கிரானில் எங்களுக்கு நெல் வாங்குகிற கடை. வயல் வட்டைக்குப் போய் விலை பேசுவது கணவர். மூட்டை வந்து இறங்கினால் தராசும் கொப்பியும் நான். பதினாறு வருடமாக அதுதான். முழுத் திட்டத்திலும் நான் பயப்படாத ஒரே விஷயம் அது.

பிள்ளைகளை நிறுத்துப் பார்த்த நாளில் மழை. பிள்ளைகள் பாதிப் பேர் நனைந்துகொண்டு கடைக்குள் ஓடிவந்தார்கள். ஒவ்வொருவராகத் தராசில் ஏற, நான் பார்த்துப் பார்த்து எழுதினேன். ஒரு நிமிடம் சும்மா நிற்கவில்லை அதுகள்.

"அன்ரி, இவன் நாட்டு நெல்லா, சம்பா நெல்லா?"

"இவன் பதர் அன்ரி. தூத்தினாப் பறந்திருவான். இவனுக்கு ப்ளேன் தேவையில்ல."

"நீ மட்டும் என்ன, ரெண்டு மூட்ட ஒண்டா ஏறின மாதிரி!"

"ஆடாம நில்லுங்கடா," என்று நான் சத்தம் போட, மகள் மூலையில் நின்று முகத்தை மூடிக்கொண்டாள். லொறிக்கு மூட்டை ஏற்றுகிற கணக்கில், பாரமான பிள்ளையோடு லேசான பிள்ளையைச் சேர்த்து எட்டுக் கூட்டம் பிரித்தேன். எல்லாம் நூற்று அறுபத்தைந்துக்குள் நின்றது. பட்டியல் போயிற்று. நாள் குறித்தார்கள்.

பறப்புக்கு முதல்நாள் பின்னேரம் வட்டையிலிருந்து ஒரு பெரியவர் நெல் கொண்டுவந்தார். முதல் மூட்டையைத் தராசில் வைத்தார். நான் எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன புள்ள, தராசு அறுவத்தாறெண்டு காட்டுது. நீ அறுவத்துநாலெண்டு எழுதுறா?"

"சாக்குக்கு ரெண்டு கிலோ."

"ரெண்டு கிலோவா? என்ட சாக்க என்ன இரும்பிலயா தெச்சிருக்கு?"

எல்லோரும் கேட்பதுதான். எல்லோருக்கும் சொல்வதுபோல, "எல்லாக் கடையிலயும் அப்பிடித்தானே" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பேனா நின்றுவிட்டது.

"மகள்!" என்று கத்தினேன். "சப்பாத்தப் போட்டுட்டு இஞ்ச ஓடி வா!"

அடுத்த நாளுக்காகச் சீருடையை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிக்கொண்டிருந்தவள் அதைப் போட்டுக்கொண்டு முழு உடுப்போடும் வந்து தராசில் ஏறினாள். அறுபத்தொன்று. பட்டியலைப் பார்த்தேன். ஐம்பத்தொன்பது என்று என் கையெழுத்தில் இருந்தது.

இருபத்துநான்கு பிள்ளைகளுக்கும் நான் சாக்கு கழித்திருக்கிறேன்.

பெரியவர் ஒன்றும் விளங்காமல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். கணவர் உள்ளேயிருந்து வந்தார்.

"ஆளுக்கு ரெண்டு கிலோ தானே. மூணு பேருக்கு ஆறு. ஒரு பூசணிக்காய். அதுக்குப் போய் ப்ளேன் ஏறாதா?"

"ஏறாமப் போனா?"

மகள் தராசிலிருந்து இறங்கவில்லை. "அம்மா, சேருக்குச் சொல்லாதீங்க. சொன்னா நாளைக்கு நிப்பாட்டிப் போடுவாங்க. மறுகா எல்லாரும் என்னத்தான் பாப்பாங்க. 'இவட அம்மாவாலதான்' எண்டு."

அவள் அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அழவில்லை. கெஞ்சினாள். ஆறு மாதமாக அந்தப் பறப்பைத் தவிர அவளுக்கு வேறு கதை இல்லை. வானத்தில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் அது என் பேனாவால்தான். சொல்லிவிட்டால் என் பிள்ளையின் ஆசை என் வாயால் போகும். போனை எடுத்து சேரின் எண்ணை அழுத்தினேன். மகள் உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

சேர் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். "அப்ப எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு கூட்டினாச் சரிதானே அக்கா?"

"சரிவரா சேர். ஈர நெல்லெண்டா நான் இன்னொரு கிலோ கழிக்கிற. மழையில நனைஞ்சு வந்த புள்ளையளுக்கு அதையும் கழிச்சனோ தெரியா."

"அப்ப நாளைக்கு அங்க தராசத் தூக்கிட்டு வாங்க," என்றார் சேர்.

மறுநாள் விடியவே தராசை ஓட்டோவில் ஏற்றி, அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு டவுனில் விமான நிலையத்துக்குப் போனேன். மகள் மற்றப் பிள்ளைகளோடு பஸ்ஸில். விமானம் முந்தின நாளே வந்து நின்றது. தூரத்திலிருந்து பார்க்க எங்கள் ஓட்டோவை விடக் கொஞ்சம்தான் பெரிது. அதற்குப் பக்கத்திலிருந்து நரைத்த மனிதர் ஒருவர் சிரித்துக்கொண்டு வந்தார். சிங்களவர். பேச்சில் தமிழ் தட்டுத்தடுமாறி வந்தது.

"கேள்வி கேட்ட அம்மா எங்க? நான் பாக்கணும். என்ட மாணவர் ஒருத்தரும் இப்படிக் கேட்டது இல்ல."

அந்த முகத்தைப் பார்த்துத்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். சாக்கு என்றால் என்ன, ஏன் கழிப்பது, ஈரத்துக்கு எவ்வளவு என்று முழுவதையும். பாதியில் அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. சேரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏர்போர்ட்ல எத்தனை மணி வரைக்கும் தந்திருக்காங்க?"

"பத்து மணி மட்டுக்கும் சேர்."

"எட்டு ரவுண்டுதான் போகலாம். அதுக்கு மேல இல்ல." பிறகு என்னிடம் சொன்னார்: "அம்மா, இது சின்ன ப்ளேன். பொய் சொன்னா இதுக்குக் கோவம் வரும். திருப்பி நிறுங்க."

திருப்பி நிறுத்தோம். என் கையை நான் நம்பவில்லை. ஏறாவூர்ப் பிள்ளை ஒருத்தி எண்ணை உரக்க வாசித்தாள், சேர் எழுதினார், நான் தராசை மட்டும் பார்த்தேன். நான் பயந்தது சரி. நனைந்து வந்தவர்களில் ஐந்து பேருக்கு மூன்று கிலோ குறைத்திருந்தேன்.

பிறகு கொப்பியை வாங்கிக்கொண்டு வேலிக்குப் பக்கத்தில் குந்தினேன். கூட்டங்களைக் கலைத்துக் கலைத்துப் பிரித்தேன். எல்லாம் பிரித்து முடியும் வரை காத்திருக்க நேரமில்லை. சரிவந்த மூன்று பேரை அனுப்ப, விமானம் போய் வர, அடுத்த மூன்று பேர். மேலே பார்க்க எனக்கு நேரமே கிடைக்கவில்லை. ஏழு கூட்டம் சரி. எட்டாவதில் என் மகள், எண் வாசித்த ஏறாவூர்ப் பிள்ளை, பதர் என்று பெயர் வாங்கின பொடியன். மூன்று பேரும் நூற்று அறுபத்தெட்டே முக்கால். மற்ற எல்லோரும் போய் வந்துவிட்டார்கள். மாற்றுவதற்கு ஆள் இல்லை.

விமானி மணிக்கூட்டைப் பார்த்தார். "ரெண்டு பேர் வரட்டும். ஒரு ஆள் அடுத்த வருஷம்."

யார் என்று அவர் சொல்லவில்லை. பட்டியல் என் கையில் இருந்தது. பிழை விட்டவள் நான். அடுத்தவளின் பிள்ளையை வெட்ட எனக்கு என்ன உரிமை? பேனாவை மகளின் பெயருக்குப் பக்கத்தில் வைத்தேன். கோடு இழுக்கக் கை போகவில்லை. வைத்தபடியே இருந்தேன். நிமிர்ந்தால் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியே நிலத்தில் குந்தி, சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"ஏய், என்ன செய்யிறா?" சேர் பாய்ந்து வந்தார்.

"சப்பாத்தோட தானே சேர் நிறுத்தது."

"கடெற் சப்பாத்தில்லாம ப்ளேன்ல ஏறுறதா? கிழமை முழுக்கப் பொலிஷ் அடிச்ச சப்பாத்து! போட்டோ எடுக்கிறாங்க!"

"முழங்காலுக்கு மேல எடுக்கச் சொல்லுங்க சேர்," என்று ஏறாவூர்ப் பிள்ளையும் குந்தித் தன்னுடையதை அவிழ்த்தாள். பொடியன் ஏற்கெனவே ஒன்றைக் கழற்றிவிட்டான். விமானி வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பினார்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒன்றாகத் தராசில் ஏறினார்கள். நூற்று அறுபத்தைந்தே கால். சேர் என்னைப் பார்த்தார், நான் விமானியைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். கால் கிலோ என்றாலும் இல்லை.

"பெல்ட்!" என்று கத்தினது சேர்தான்.

பித்தளைப் பூட்டுப் போட்ட பெல்ட் மூன்று, தொப்பி மூன்று. எல்லாவற்றையும் நான் மடியில் வாங்கினேன். முள் கீழே வந்து நின்றது. நூற்று அறுபத்து நாலரை.

விமானி குனிந்து தானும் பார்த்துவிட்டுக் கேட்டார். "அம்மா என்ன சொல்றீங்க?"

"கழிக்க ஒண்டுமில்ல சேர்," என்றேன். "அப்பிடியே எழுதுங்க."

தார் சுட்டதால் மூன்று பேரும் காலுறையோடு துள்ளித் துள்ளித்தான் விமானத்துக்குப் போனார்கள். மகளின் வலது காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. அதைத் தைத்துக் கொடுக்காமல் விட்டேனே என்று அந்த நேரத்திலும் எனக்குக் கவலை வந்தது. பிறகு என்ஜின் இரைந்தது. விமானம் ஓடி, எழும்பி, வாவிப் பக்கம் சரிந்து போயிற்று. இந்த முறை நான் குனியவில்லை. மூன்று சோடிச் சப்பாத்தையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கழுத்து நோக அண்ணாந்தபடி நின்றேன். அது ஒரு கொக்கின் அளவுக்குச் சிறுத்து, வாவிக்கரைக் கண்ணாப் பற்றைகளுக்கு மேலால் திரும்பி, மறுபடி பெரிதாகி வந்து சக்கரம் நிலத்தில் பட்டபிறகுதான் மூச்சு ஒழுங்காக வந்தது.

மகள் ஓடி வந்தாள். முந்தின நாள் பின்னேரத்திலிருந்து பேசாததற்கெல்லாம் சேர்த்துப் பேசினாள். பாலங்கள் தீப்பெட்டி மாதிரியாம். வாவியில் தோணிகள் நெல்லு மணி மாதிரியாம். கொஞ்ச நேரம் விமானி ஓட்டுகிற பிடியைத் தொடவும் விட்டாராம்.

"நீங்களும் தெரிஞ்சீங்க அம்மா."

"பொய் சொல்லாத. அவ்வளவு உயரத்திலயிருந்து எப்பிடித் தெரியும்?"

"கோட்டத் தாண்டி வந்து நிண்டது நீங்க மட்டும்தான். சேர் உங்கட கையப் பிடிச்சு இழுக்கிறதும் தெரிஞ்சது."

எனக்கு அது ஞாபகமே இல்லை. பெற்றோர் கோட்டுக்கு இப்பால்தான் நிற்க வேண்டும் என்று எழுதி வாங்கினவள் நான்தான்.

சப்பாத்தைப் போட என் பக்கத்தில் இருந்தவள் கொப்பியை எடுத்துப் புரட்டினாள். கடைசிக் கூட்டத்தில் நின்றாள்.

"என்ட பேர வெட்டத்தானே பேனைய வெச்சீங்க?"

"வேற ஆர வெட்ட?"

அவள் சப்பாத்துக் கயிற்றை இழுத்துக் கட்டினாள். "மறுகா ஏன் வெட்டல்ல?"

"மை வரல்ல," என்றேன்.

அவளுடைய பெயருக்குப் பக்கத்தில், பேனா அவ்வளவு நேரம் நின்ற இடத்தில், மை ஊறிப் பெரிய பொட்டாகக் கிடந்தது. அதை விரலால் தேய்த்தாள். விரலில் நீலம் பிடித்தது.

"நல்லாத்தானே வந்திருக்கு," என்று சொல்லிவிட்டு, அந்த விரலை என் சேலையில் துடைத்தாள்.