டிரம் நின்ற பிறகும்

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூரு கன்டோன்மெண்ட் ஏறக்குறைய நூற்று நாற்பது கிலோமீட்டர். முன்பதிவில்லாத பெட்டியில் டிக்கெட் எழுபது ரூபாய். சனிக்கிழமை காலை எட்டரை மணி வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. குப்பம் தாண்டியதும் எதிர் இருக்கை அம்மாள், மடியில் முருங்கைக்காய்க் கட்டை வைத்துக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார்.

“பெங்களூர்ல என்ன விசேஷம்?”

“ஃபுட்பால் மேட்ச் பாக்கப் போறேன்.”

“பையன் ஆடுறானா?”

“இல்லைங்க. தங்கச்சி டிரம் அடிக்கிறா.”

“கோயில்லயா?”

“கேலரியில. மேட்ச் பாக்குற கூட்டத்துக்கு நடுவுல.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நாற்பத்தெட்டு வயது, காட்டன் புடவை, கையில் டிபன் பை. பார்த்தாலே பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர் என்று தெரிந்துவிடும். “அங்கெல்லாம் பொம்பளைங்கள விடுவாங்களா?” என்று கேட்டார். டிக்கெட் வாங்கினால் விடுவார்கள் என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

பெருமைக்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் ரயில்வே மைதானத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து நடக்கும். ஆண்கள் மைதானத்தின் கோட்டோரம் நின்று கத்துவார்கள். பெண்கள் நாங்கள் காய்கறிப் பையோடு நடைமேம்பாலத்தில் நின்று, ஏதோ வண்டிக்குக் காத்திருப்பது போலப் பாவனை செய்துகொண்டு பார்ப்போம். கீழே இறங்கிப் போனதில்லை. அப்படியிருக்க என் சித்தி மகள் ஸ்டெல்லா, பெங்களூரில் ஆயிரக்கணக்கான ஆண்களுக்கு நடுவே நின்று டிரம் அடிக்கிறாள் என்றால் எனக்குப் பெருமையாக இருக்காதா?

ஸ்டெல்லாவுக்கு வயது முப்பத்தொன்று. விவேக் நகரில் குழந்தை இயேசு கோயிலுக்கு நாலு தெரு தள்ளி வீடு. பல் க்ளினிக் ஒன்றில் ரிசெப்ஷனிஸ்ட். கோயில் பாடகர் குழுவில் பழகிய டிரம்மை நாலைந்து வருடங்களாகக் கேலரியில் அடிக்கிறாள். சித்தப்பா இறந்தபோது பெட்டியைத் தூக்கியவர்களில் பாதிப்பேர் அந்தக் கேலரிக்காரர்கள். அவளுக்கு அது இரண்டாவது வீடு. போன மாதம் போனில் அழைத்தாள்.

“அக்கா, அங்க ஒரு பாட்டு பாடுறாங்க. பொம்பளைங்கள அசிங்கமா பேசுற பாட்டு. இனிமே அது வந்தா நான் அடிக்க மாட்டேன்னு, பாட்டு எடுத்துக் குடுக்குற வினோத்கிட்ட சொல்லிட்டேன். வராது, நான் பாத்துக்குறேன்னு ப்ராமிஸ் பண்ணிருக்கான். இந்த மேட்சுக்கு நீ வாயேன்.”

“அந்தப் பாட்டு வந்துட்டா என்னடி பண்ணுவ?”

“நிறுத்துவேன். அதுக்கப்புறம் அங்க எனக்கு இடம் இருக்குமான்னு தெரியல. அதான் கூட யாராவது இருந்தா நல்லாருக்கும்னு.”

அதனால்தான் கிளம்பினேன்.

பதினொரு மணிக்குக் கன்டோன்மெண்டில் இறங்கினேன். ஆட்டோ ஓட்டுநர் கன்னடத்தில் ஆரம்பித்து, என் முழியைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். ஏழு கிலோமீட்டருக்கு இருநூறு கேட்டார். நூற்று எண்பதுக்கு வந்தார். ஃபுட்பால் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும், “கேலரி பக்கம் போகாதீங்க மேடம், வாய் ரொம்ப கெட்ட வாய். ஃபேமிலி ஸ்டாண்டு தனியா இருக்கு, அங்க உக்காருங்க” என்றார். தானும் கேலரியில்தான் உட்காருவதாக அவரே சொன்னார். அப்படியானால் நீங்களும் பாடுவீர்களா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சிக்னலைப் பார்த்தார்.

சித்தி மீன் குழம்பு வைத்திருந்தாள். ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில், மேலே பழைய பெட்ஷீட் போர்த்தி, அந்தப் பெரிய டிரம் நின்றது. கேலரிக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கியதாம். சித்தி ஒரு மேட்சுக்கும் போனதில்லை. வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்து, கேமரா கேலரிப் பக்கம் திரும்பும்போதெல்லாம் மகளைத் தேடுவாள். “ஒரு நாளாச்சும் சரியா காட்டுறானா பாரு. எப்பவும் டிரம்தான் தெரியுது, இவ தெரியமாட்டா” என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

ஆட்டம் மாலை ஐந்து மணிக்கு. மூன்றரைக்கு வினோத் வந்தான். கேலரியில் கோஷம் எடுத்துக் கொடுப்பவன் அவன்தான். கூரியர் கம்பெனியில் வேலை, கரகரத்த தொண்டை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, சித்தியிடம் ஆசீர்வாதம் வாங்குகிற மாதிரி குனிந்தான். டிரம்மைத் தோளில் தூக்கியபடி என்னிடம் சொன்னான்: “அக்கா, நீங்க வந்திருக்கீங்க. இன்னிக்கு ஒரு கெட்ட வார்த்தை வராது. என் பொறுப்பு.” அவன் அதை மனதாரத்தான் சொன்னான். அந்த முகத்தில் கள்ளம் இருக்கவில்லை.

கேலரிக்கு டிக்கெட் இருநூறு. போலீஸ்காரர்கள் தண்ணீர் பாட்டில், சில்லறைக் காசு எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். உள்ளே நுழைந்தால் நீலச் சட்டைகள். கூட்டத்தில் பெண்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தார்கள். கம்பித் தடுப்பின் மேல் ஏறி நின்று வினோத் மைதானத்துக்கு முதுகைக் காட்டினான். ஆட்டம் முழுக்க அப்படித்தானாம். கூட்டம் அவன் கையைப் பார்க்கிறது, ஸ்டெல்லாவும் அவன் கையைப் பார்த்தே அடிக்கிறாள். ஆட்டத்தை இத்தனை நேசிக்கிற இருவரும் ஆட்டத்தைச் சரியாகப் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

முதல் பாதியைப் பற்றி என்ன சொல்ல! ஸ்டெல்லாவின் முதல் அடி என் பாதத்தில் அதிர்ந்தது. வகுப்பில் ஒலி அலைகளைப் பற்றி எத்தனையோ வருடம் பாடம் எடுத்திருக்கிறேன், அன்றுதான் அது எனக்கே புரிந்தது. கன்னடம், தமிழ், இங்கிலீஷ் எல்லாம் கலந்த பாட்டுகளை அர்த்தம் புரிந்தும் புரியாமலும் நானும் கத்தினேன். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவர், முப்பத்தைந்து வயதிருக்கும், “இப்படி வாங்க மேடம், தள்ளுவாங்க” என்று எனக்கு இடம் விட்டார். கொண்டு வந்திருந்த கடலைப் பொட்டலத்தில் எனக்கும் பங்கு கொடுத்தார். தன் மகளும் கால்பந்து பழகுகிறாள் என்று போனில் படம் காட்டினார். இப்படிப்பட்ட இடத்தை விட்டுவிட்டு மேம்பாலத்தில் நின்றோமே என்று எங்கள் ஊர்ப் பெண்களை நினைத்துப் பரிதாபப்பட்டேன்.

இரண்டாம் பாதியில், ஆட்டம் சமநிலையில் இருந்தபோது, நம் அணி ஆள் ஒரு கோல் போட்டார். கேலரி ஒரு கணம் துள்ளி எழுந்தது. அதற்குள் கோட்டோரத்தில் கொடி உயர்ந்துவிட்டது. ஆஃப்சைடு, கோல் செல்லாது. கொடியைத் தூக்கியவர் ஒரு பெண். கோட்டோரம் ஓடும் இரு உதவி நடுவர்களில் அன்று ஒருவர் பெண் என்பதை நான் அதுவரை கவனிக்கவே இல்லை. எங்களுக்குச் சில கஜ தூரத்தில், கொடியை நீட்டிப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

பின்வரிசையில் அது ஆரம்பித்தது. “அடுகே மனெகெ ஹோகு.” சமையலறைக்குப் போ என்று கன்னடத்தில். அதற்கடுத்த வரி அவளுடைய உடம்பைப் பற்றியது, அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. வினோத் இரு கைகளையும் கீழ்நோக்கி அமுக்கிக் காட்டினான். வேண்டாம், வேண்டாம் என்று வாயசைத்தான். வேறு பாட்டு ஒன்றைத் தனியாக எடுத்துக்கூடப் பார்த்தான். யாரும் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. அவன் ஸ்டெல்லாவைப் பார்த்தான். ஸ்டெல்லா குச்சிகளை டிரம்மின் மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

டிரம் நின்றால் பாட்டு தடுமாறிவிடும் என்றுதான் அவள் நம்பியிருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாட்டு தடுமாறவே இல்லை. தாளத்துக்குக் கால்கள் போதுமாயிருந்தன, காலி நாற்காலிகளின் முதுகில் உள்ளங்கைகள் விழுந்தன. முன்பைவிடச் சத்தம் கூடித்தான் போனது.

என் பக்கத்துக் கண்ணாடிக்காரர் போனில் அதே காட்சியைத் திரும்பப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். எதிரணி ஆட்களைத் தாண்டி நம் ஆள் ஒரு எட்டு முன்னால் நின்றது என் கண்ணுக்கே தெரிந்தது. “கரெக்ட்டாதான் குடுத்திருக்கா” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனைப் பையில் போட்டார். பிறகு தலை நிமிர்த்திப் பாட்டில் சேர்ந்துகொண்டார். மகள் படத்தைக் காட்டிய அதே போன்.

வினோத் கொஞ்ச நேரம் கம்பியின் மேல் சும்மா நின்றான். கூட்டம் அவன் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. எடுத்துக் கொடுப்பவன் இல்லாமலே பாடுகிற கூட்டத்துக்கு முன்னால் அவனுக்கு என்ன வேலை? கடைசியில் அவன் கைகள் மெதுவாக உயர்ந்து, அந்தப் பாட்டுக்கே தாளம் போட்டன. ஸ்டெல்லா இருந்த பக்கம் மட்டும் அவன் திரும்பவில்லை.

அந்த உதவி நடுவர் ஒருமுறைகூடத் தலை திருப்பவில்லை. அடுத்த பந்துக்குக் கோட்டோரம் ஓடினாள்.

ஏழு மணிக்கு வெளியே வந்தோம். வழக்கம்போல வினோத்தான் டிரம்மைத் தூக்கி வந்தான். ஆட்டோ வரும்வரை மூவரும் நடைபாதையில் நின்றோம்.

“நான் ஆரம்பிக்கல, ஸ்டெல்லா.”

“தெரியும்.”

“அடக்கிப் பாத்தேன். நீயே பாத்தேல்ல?”

“பாத்தேன். அப்புறம் கையத் தூக்குனதையும் பாத்தேன்.”

“நானும் விட்டுட்டா அப்புறம் யார் பேச்சக் கேப்பாங்க சொல்லு. மேட்ச் சூட்டுல வர்றது, மனசுல ஒண்ணுமில்ல. ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம், அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்.”

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சித்தப்பாவின் பெட்டியைச் சுமந்த தோள் அது என்ற நினைப்பு என் வாயைக் கட்டிவிட்டது. கெட்டவர்கள் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடிந்தால் எனக்கும் இதை எழுதுவது சுலபம்.

வீட்டில் சித்தி டி.வி.யை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். “என்னா பாட்டுடி அது? பக்கத்து வீட்டு ஆளுங்கல்லாம் கேட்டுட்டிருந்தாங்க. எனக்கு முகத்த எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. அதுக்கும் நீதான் அடிச்சியா?”

“நான் அடிக்கலம்மா. நிறுத்திட்டேன்.”

“டி.வி.ல அப்படி ஒண்ணும் தெரியல. சத்தம் அப்படியேதான் இருந்துச்சு.”

ஸ்டெல்லா அன்றைக்கு அழுதது அந்த ஒரு இடத்தில்தான்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம். வினோத் வந்தான். இந்தமுறை வாசலோடு நின்றுகொண்டான். அடுத்த மேட்ச் வெளியூரில், பசங்க டிரம்மைக் கேட்கிறார்கள், பாடகர் குழுவில் இன்னொரு பையனுக்கும் அடிக்கத் தெரியுமாம் என்று இழுத்து இழுத்துச் சொன்னான். “நீயும் வந்தா நல்லாருக்கும்” என்று கடைசியில் சேர்த்தான்.

“அந்தப் பாட்டு இல்லன்னு ஒரு மேட்சுக்குச் சொல்லு வினோத், வர்றேன்” என்றாள் ஸ்டெல்லா.

அவன் இந்தமுறை ப்ராமிஸ் பண்ணவில்லை. அந்த மட்டுக்கு நேர்மையாக இருந்தான். அவளே டிரம்மின் மேல் கிடந்த பெட்ஷீட்டை இறுக்கிக் கட்டி, குச்சிகளை உள்ளே செருகி, பைக்கில் ஏற்றிவிட்டாள். ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் அந்த இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. சித்தி துடைப்பத்தை எடுத்து அங்கே பெருக்கினாள்.

பதினொன்றரை வண்டிக்கு ஸ்டெல்லாவே கன்டோன்மெண்ட் வரை வந்தாள். வண்டி நகரும்போது, “ஒங்க ஊர்ல கூட மேட்ச் நடக்கும்ல அக்கா? ஒரு ஞாயித்துக்கிழம வர்றேன்” என்றாள். வா என்று கையசைத்தேன்.

ஜோலார்பேட்டையில் இறங்கி நடைமேம்பாலத்தில் ஏறினேன். கீழே ரயில்வே மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. காய்கறிப் பையோடு இரண்டு மூன்று பெண்கள் வழக்கமான இடத்தில் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் தள்ளி நின்று இடம் விட்டார்கள். கோட்டோரம் நிற்பவர்கள் எதற்கோ ஒரே குரலாகக் கத்தினார்கள். என்ன கத்துகிறார்கள் என்று அந்த உயரத்தில் கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. ஸ்டெல்லா வந்தால் அவளையும் இங்கேதான் கொண்டுவந்து நிறுத்தப் போகிறேனா என்று நினைத்தபோது, அவர்கள் விட்ட இடத்தில் பையை இறக்கி வைக்க மனம் வராமல் அப்படியே நின்றேன்.