உபதேசியார் தள்ளிப்போட்ட ஞானஸ்நானம்

தேவஇரக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் கத்தோலிக்கக் கோயிலில் இருபத்தொன்பது வருடம் உபதேசியாராக இருந்தார். பூசை வைப்பதும் பாவசங்கீர்த்தனம் கேட்பதும் சாமியாரின் வேலை. புதிதாக வேதத்தில் சேர வருகிறவர்களை உட்காரவைத்து மந்திரங்களைச் சொல்லிக்கொடுத்து, "இவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம்" என்று சாமியார் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது உபதேசியாரின் வேலை. அந்த வேலையில் அவரைப்போலக் கண்டிப்பானவர் சுற்றுவட்டாரத்தில் இல்லை. பாடம் ஒப்பிக்கிறவன் சொல்லுக்குச் சொல் அவருடைய ஆள்காட்டி விரல் முழங்காலில் தட்டிக்கொண்டே வரும். ஒரு சொல் பிசகினால் விரல் நின்றுவிடும். அதற்குமேல் அவர் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அவர் முதலிலிருந்தே அப்படி இருந்தவரல்ல. மழை பொய்த்த ஒரு வருடம், சோழபுரம் பக்கத்தில் பதினொரு குடும்பங்கள் வேதத்தில் சேரவேண்டும் என்று கேட்டன. கோயிலிலிருந்து தானியம் கொடுத்துக்கொண்டிருந்த சமயம் அது. இளவயது வேகத்தில் தேவஇரக்கம் மூன்றே மாதத்தில் எல்லாரையும் தயார் செய்துவிட்டார். மழை பெய்தது. அடுத்த இரண்டு வருடத்துக்குள் பதினொரு குடும்பமும் பிள்ளைகளுக்கு அய்யனார் கோவிலில் மொட்டை போட்டுவிட்டு வந்தன. அப்போதிருந்த பழைய சாமியார் சபை நடுவில் அவரைப் பார்த்து, "நாம யாருக்குத் தண்ணி ஊத்துனோம், தேவஇரக்கம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி அவரைவிட்டுப் போகவே இல்லை.

ஞானஸ்நானம் இல்லாமல் மோட்சம் இல்லை என்று அவர் உறுதியாக நம்பினார். தகுதியில்லாதவனுக்கு அதைக் கொடுப்பது பெரும்பாவம் என்பதையும் அதே உறுதியோடு நம்பினார். இந்த இரண்டும் ஒரு நாள் ஒன்றோடொன்று இடிக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

மம்சாபுரத்து மலைச்சாமி கிணறு வெட்டுகிறவன். 1928இல் கோயில் வளாகத்தில் கிணறு தோண்ட வந்தான். முப்பதடி ஆழத்தில் நின்று மண் அள்ளும்போது மேலே சாயங்கால ஜெபம் கேட்கும். வேலை முடிந்து கூலி வாங்கின அன்று உபதேசியாரிடம் வந்து, "அய்யா, மேல நீங்க பேசுறது உள்ள இருந்து கேக்கையில என்னமோ எங்கிட்டயே பேசுற மாதிரி இருந்துச்சு. எனக்கும் சொல்லிக்குடுங்க" என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மனைவி வெள்ளத்தாயையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

வெள்ளத்தாய்க்கு ஒருமுறை கேட்டால் போதும். ஆறு மாதத்தில் எல்லா மந்திரங்களையும், பத்துக் கற்பனைகள் என்கிற கட்டளைகளையும் கடகடவென்று சொன்னாள். மலைச்சாமிக்கு எதுவும் நிற்கவில்லை. பரலோக மந்திரத்தில் தொடங்கி மாதாவின் அருள்நிறை மந்திரத்தில் போய் முடிப்பான். நம்பிக்கை அறிக்கையான விசுவாசப் பிரமாணத்தில், சேசுநாதருக்குச் சாவுத் தீர்ப்புச் சொன்ன பிலாத்து வருகிற இடம் வந்தால் கட்டாயம் தடுமாறுவான்.

"அய்யா, அவருக்கு அம்புட்டுப் பாடு குடுத்தவன் பேரை நான் எதுக்குத் தினமும் சொல்லணும்?" என்று ஒருநாள் கேட்டான்.

"கேள்வி கேக்காத. சொல்லு."

விரல் தட்டியது, நின்றது. "அடுத்த வருசம் பார்ப்போம், மலைச்சாமி."

வெள்ளத்தாய்க்கு மட்டும் ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்று உபதேசியார் சொன்னபோது அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அவருக்குக் கெடைக்கும்போது எனக்கும் கெடைக்கட்டும் அய்யா. ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஆவோம்."

இப்படி ஆறு வருடம் போனது. உயிர்ப்புத் திருநாளான பாஸ்குவை ஒட்டி மூன்று வருடம் மலைச்சாமி வந்து ஒப்பித்தான். மூன்று தடவையும் விரல் நின்றது. புதிதாக வந்திருந்த இஞ்ஞாசி சாமியார், "அந்தக் கிணறு வெட்டுறவரை ஒருநாள் எங்கிட்டக் கூட்டிட்டு வாங்க" என்று கேட்டபோதுகூட, "இன்னும் ஆகலை சாமி" என்று தேவஇரக்கம் சொல்லிவிட்டார். அது 1934ஆம் வருடம், பாஸ்குவுக்கு முந்தின தவசுகாலம்.

ஆனி மாதம். ராஜபாளையத்துக்கு மேற்கே ஒரு ராஜு வீட்டுத் தோட்டத்தில் பழைய கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். மலைச்சாமியும் அவனுடைய கூட்டாளி கருத்தப்பாண்டியும் உள்ளே இருந்தார்கள். முந்தின நாள் மலையில் பெய்த மழையில் மண் ஊறிப்போயிருந்தது. காலை பத்து மணிக்குப் பக்கச்சுவர் சரிந்து மலைச்சாமியை மட்டும் மார்பளவு மூடியது. மற்றவர்கள் இறங்கி அவனைத் தோண்டி மேலே தூக்கும்போது உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. தோட்டத்துச் சொந்தக்காரர் தம் வில்வண்டியைப் பூட்டச் சொன்னார். ஆனால் அசைத்தால் மலைச்சாமி வலி தாங்காமல் கத்தினான். அதனால் வேப்பமரத்து நிழலிலேயே கிடத்திவிட்டு, ஓர் ஆளை சைக்கிளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பினார்கள்.

தேவஇரக்கம் அந்த சைக்கிளின் பின்னாலேயே உட்கார்ந்து ஏழு மைல் வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. மலைச்சாமி இறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. கருத்தப்பாண்டி அவன் தலையைத் தன் மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

"தண்ணி, தண்ணின்னான் அய்யா" என்றான் கருத்தப்பாண்டி. "செம்புல கொண்டாந்து வாயில ஊத்துனேன். 'இந்தத் தண்ணி இல்லலே, அந்தத் தண்ணி. உபதேசியாரை வரச்சொல்லு'ன்னான். பொறவு பேசலை. நீங்க வாரீயளான்னு பாதையையே பாத்துக்கிட்டுக் கெடந்தான்."

அவசரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். கொடுக்கிறவன் வேதக்காரனாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தண்ணீரைத் தலையில் ஊற்றி உரிய வார்த்தைகளைச் சரியான எண்ணத்தோடு சொன்னால் போதும். தேவஇரக்கம் அதை மருத்துவச்சிகளுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தார். கண்டவர் கையில் போய்விடக்கூடாது என்று மற்றவர்களுக்குச் சொன்னதில்லை. கருத்தப்பாண்டியின் பக்கத்தில் அந்தச் செம்பு பாதித் தண்ணீரோடு இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

மம்சாபுரத்தில் மலைச்சாமியின் அண்ணன் தம்பிகள் தங்கள் வழக்கப்படி எரிக்க வேண்டும் என்றார்கள். வெள்ளத்தாய், "அவரு எந்த எடத்துக்கு ஆசைப்பட்டாரோ அங்கதான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். சாயங்காலம் உடலோடு வண்டி கோயில் வாசலுக்கு வந்தது.

அங்கே ஞானராஜ் நின்றிருந்தார். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், கோயில் காரியங்களுக்குப் பெரியவர். அவருக்கு விஷயம் அதற்குள் தெரிந்திருந்தது.

"தண்ணி படாதவனைக் கல்லறைத் தோட்டத்துக்குள்ள எப்படி வைப்பிய, சாமி?" என்று அமைதியாகத்தான் கேட்டார்.

இஞ்ஞாசி சாமியார் உள்ளே போய்த் திருச்சபைச் சட்டப் புத்தகத்தை எடுத்துவந்து தமிழில் பொருள் சொன்னார். ஞானஸ்நானத்துக்குத் தயார் செய்துகொண்டிருக்கும்போது தன் குற்றமில்லாமல் ஒருவன் இறந்துபோனால், அடக்கத்துக்கு அவனை ஞானஸ்நானம் பெற்றவனாகவே எண்ண வேண்டும்.

"தன் குற்றமில்லாமன்னு இருக்குல்ல சாமி?" என்றார் ஞானராஜ். "ஆறு வருசம் படிச்சான். ஆறு வருசத்துல நாலு மந்திரம் வரலைன்னா யார் குற்றம்? மனசு இருந்தா வந்திருக்காதா?"

வெள்ளத்தாய் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தேவஇரக்கம் முன்னால் வந்தார்.

"குற்றம் எனக்கு, சாமி."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"மூணு தடவை வந்து கேட்டான். மூணு தடவையும் நான்தான் வேணாம்னேன். சேசுநாதர் யாருன்னு தெரியுமா, அவரை நம்புறியான்னு ஒருநாளும் கேக்கலை. எந்த வார்த்தை விட்டுப்போச்சுன்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தேன். நீங்க பார்க்கணும்னு சொன்னப்பவும் தடுத்தது நான்தான். சோழபுரத்துக்காரங்க திரும்பிப் போன கோவத்தை இவன் தலையில வச்சிட்டேன். அவன் தாமசம் பண்ணலை. பண்ணுனது நான்."

சாமியார் புத்தகத்தை மூடினார். "குழி வெட்டச் சொல்லுங்க" என்றார்.

ஞானராஜ் வழியிலிருந்து விலகவில்லை. "அப்ப எம் பிள்ளை என்ன குற்றம் செஞ்சது?" என்றார்.

அங்கே இருந்த வயதானவர்களுக்கு அது தெரியும். பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஞானராஜுக்கும் அமிர்தவல்லிக்கும் பிறந்த முதல் பிள்ளை நான்கு நாள்தான் இருந்தது. மறுநாள் ஞானஸ்நானத்துக்குக் கோயிலுக்குக் கொண்டுவரலாம் என்று இருந்தார்கள், அதற்குள் போய்விட்டது. கல்லறைச் சுவருக்கு வெளியே, உடைமரத்தடியில் வைத்தார்கள். அப்போதும் சுவரைக் காட்டி, உள்ளே இடமில்லை என்று சொன்னவர் தேவஇரக்கம்தான்.

"இவனுக்கு ஆசை இருந்துச்சு, அதனால எடம் உண்டுங்கிறிய. நாலு நாள் பிள்ளைக்கு ஆசைப்படத் தெரியுமா? அதுக்காக நானும் அவளும் ஆசைப்பட்டோமே சாமி. அது கணக்குல வராதா?"

அப்படிப்பட்ட பிள்ளைகள் துன்பமில்லாத ஓரிடத்தில் இருப்பார்கள் என்று வேதசாஸ்திரிகள் எழுதியிருப்பது சாமியாருக்குத் தெரியும். அதை இந்த மனிதரிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"பெத்தவங்க ஆசையைப் பத்தித் திருச்சபை எதுவும் முடிவாச் சொல்லலை, ஞானராஜ். சொல்லாததை நான் ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியலை."

ஞானராஜ் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதன்பிறகு பல மாதம் அவர் கோயிலுக்கு வரவில்லை.

மலைச்சாமியைக் கல்லறைத் தோட்டத்துக்குள், தென்கிழக்கு மூலையில் அடக்கம் செய்தார்கள். கருத்தப்பாண்டியும் கிணற்று ஆட்களுமே குழி வெட்டினார்கள். நேர்க்கோடு பிடித்ததுபோல் வெட்டியிருந்தார்கள்.

எட்டாம் நாள் தேவஇரக்கம் மம்சாபுரத்துக்கு நடந்து போனார். வெள்ளத்தாய் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"அய்யா, ஒண்ணு கேக்கணும். அவரு எங்க இருக்காரு? நரகம்னா சொல்லிருங்க. எனக்கு அந்தத் தண்ணி வேண்டாம். அவரு இருக்கிற எடத்துக்கே நானும் போறேன்."

"தண்ணிக்கு மனசார ஆசைப்பட்டுச் செத்தவனுக்கு ஆசை ஞானஸ்நானம்னு ஒண்ணு இருக்கு, வெள்ளத்தாயி. உங்களுக்கு நானே சொல்லிக் குடுத்திருக்கேன்."

"சொன்னீய. தண்ணி இல்லாட்டி மோட்சம் இல்லைன்னும் நீங்கதான் சொன்னீய. அதைத்தான் அழுத்திச் சொன்னீய."

அது உண்மை. பாடத்தில் ஆசை ஞானஸ்நானத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கடந்துபோவது அவர் வழக்கம்.

"தண்ணியை நம்ம கையில குடுத்திருக்காரு. அதனால நாம அதை அலட்சியம் பண்ணக்கூடாது" என்றார் நிறுத்தி நிறுத்தி. "ஆனா நம்ம கையில குடுத்ததால சர்வேசுரன் தன் கையைக் கட்டிக்கிடலை. நான் நேரத்துக்கு வராததுக்காக அவரு மலைச்சாமியைத் தள்ளிருவாருன்னு நான் நம்பலை."

"இது சாமி சொன்னதா, நீங்க சொல்றீயளா?"

"சாமிகிட்டயும் கேட்டேன். இப்ப நான்தான் சொல்றேன்."

வெள்ளத்தாய் உள்ளே போய் ஒரு பலகையை எடுத்துவந்து போட்டாள். பிறகுதான் அழுதாள்.

வேலையை விட்டுவிடுவதாகத் தேவஇரக்கம் சொன்னதைச் சாமியார் ஏற்கவில்லை. கடைசிச் சோதனையை மட்டும் தாமே வைத்துக்கொண்டார். நாலைந்து கேள்விதான் கேட்பார். ஒப்பிக்கச் சொல்ல மாட்டார். தேவஇரக்கமும் மாறினார். ஆபத்தில் ஞானஸ்நானம் கொடுக்கும் முறையைப் படிக்க வருகிற எல்லாருக்கும் முதல் வாரமே சொல்லிக் கொடுத்தார். வண்டிக்காரர்கள், கூலிக்காரர்கள், கருத்தப்பாண்டி வரைக்கும் கற்றுக்கொண்டார்கள்.

அந்த வருடம் நவம்பர் இரண்டாம் தேதி, மரித்தவர்களின் திருநாளன்று, இஞ்ஞாசி சாமியார் கல்லறைகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்து முடித்துவிட்டு, நேரே வாசலைக் கடந்து சுவருக்கு வெளியே போனார். உடைமரத்தடியில் ஞானராஜும் அமிர்தவல்லியும் நின்றிருந்தார்கள். அவர்கள் வருடந்தோறும் அங்கேதான் நிற்பார்கள். சாமியார் புத்தகத்தைத் திறக்கவில்லை. அங்கே சொல்லுவதற்கு அதில் எதுவும் இல்லை. ஞானராஜுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டார். சற்றுத் தள்ளி தேவஇரக்கமும் முழந்தாளிட்டார். ஞானராஜ் திரும்பிப் பார்த்தார். அடுத்த ஞாயிறு பூசைக்கு வந்தார். உபதேசியாரோடு பழையபடி பேச மேலும் இரண்டு வருடம் ஆனது.

மறு வருடம் பாஸ்குவுக்கு முந்தின பெரிய சனிக்கிழமை காலையில் வெள்ளத்தாய் ஞானஸ்நானம் பெற்றாள். அவளுக்கு ஞானத்தாயாக வந்து நின்றது அமிர்தவல்லி. யாரும் கேட்காமல் தானாகவே வந்தாள். கோயில் ஏட்டில் ஏசம்மாள் என்று எழுதினார்கள். ஊர் வெள்ளத்தாய் என்றுதான் கூப்பிட்டது.

1942இல் மம்சாபுரத்தில் பேதி பரவியது. உபதேசியார் வேறு ஊரில் இருந்தார். ஞானஸ்நானத்துக்காக மந்திரம் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் இறக்கும் தறுவாயில் கேட்டபோது கருத்தப்பாண்டி தண்ணீர் ஊற்றி வார்த்தைகளைச் சொன்னான். கடைசிவரை அய்யனாரைக் கும்பிட்டவன் அவன். "ஒரு எழுத்துத் தப்பில்லாமச் சொன்னேன் அய்யா" என்று பிறகு வந்து சொன்னான். "தப்பிருந்தாலும் பரவாயில்லலே" என்றார் தேவஇரக்கம்.

1946இல் கண்பார்வை மங்கி அவர் வேலையிலிருந்து நின்றார். ராஜபாளையத்தில் மகள் வீட்டில் இரண்டு வருடம் இருந்து, நோய் அதிகம் இல்லாமல் இறந்தார். அடக்கத்துக்கு ஞானராஜ் வந்து பாடையில் ஒரு தோள் கொடுத்தார். மம்சாபுரத்தில் தேவஇரக்கம் செய்துவந்த வேலை வெள்ளத்தாயிடம் போயிருந்தது. அடுத்த பாஸ்குவுக்கு அங்கிருந்து ஏழு பேர் ஞானஸ்நானம் பெற வந்தார்கள். ஏழு பேரையும் தயார் செய்தவள் அவள்தான். அதில் இரண்டு பேருக்கு விசுவாசப் பிரமாணம் முழுதாக வரவில்லை.