தம்பியின் ரத்தம் ஆகாது என்றார்கள்

நான் எதையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. லிட்டில் இந்தியாவில் மல்லிகை வாங்கினாலும் பூவைப் பார்க்க மாட்டேன், முழம் போடும் கையைத்தான் பார்ப்பேன். குடலில் புற்றுநோய்க் கட்டி, அறுத்தெடுக்க வேண்டும், ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்னபோது, கட்டியைவிட அந்த ரத்தம்தான் என்னை உறுத்தியது. யாருடையதோ, அவனுக்கு என்ன வியாதியோ!

"எல்லாம் டெஸ்ட் பண்ணித்தாம்மா ஏத்துவோம்" என்றார் டாக்டர். அவர் சிரித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

தம்பிக்குப் போன் போட்டேன். கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வந்துவிட்டான். எங்கள் இருவருக்கும் ஒரே ரத்த வகை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இவன் இருக்கும்போது எனக்கு எதற்கு வேற்றாள் ரத்தம் என்று டாக்டரிடம் கேட்டேன்.

"கூடப்பொறந்தவங்க ரத்தம் வேணாம்மா. வேத்தாளோட ரத்த அணுவ ஒங்க ஒடம்பு கண்டுபிடிச்சி அழிச்சிரும். தம்பியோடது ஒங்களது மாதிரியே இருந்தா, நம்மாளுன்னு விட்டுரும். அது உள்ள தங்கி ஒங்களையே தாக்கலாம். ரொம்ப அபூர்வம்தான். ஆனா வந்துட்டா காப்பாத்துறது கஷ்டம்."

சொந்த ரத்தம் கொல்லுமாம், ஊரான் ரத்தம் காக்குமாம். நல்ல கதை! தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, என் சந்தேகம் கடைசியில் அவன்மேலேயே பாய்ந்தது. நான் வருவதற்கு முன்பே டாக்டரிடம் பேசி வைத்திருப்பானோ?

"என்னக்கா அப்பிடிப் பாக்குற? நானா சொல்லச் சொன்னேன்?"

"நான் கேக்கவே இல்லையே. நீ ஏன்டா பதில் சொல்ற?"

அவன் தலையைத் திருப்பி டாக்டரைப் பார்த்தான். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

"அப்ப எனக்கு ரத்தமே வேணாம்" என்றேன்.

டாக்டர் கோபப்படவில்லை. "வேணாம்னு சொல்ல ஒங்களுக்கு உரிமை இருக்கும்மா. ஆனா கட்டி பெரிய ரத்தக்குழாய் பக்கத்துல இருக்கு. நடுவுல ரத்தம் நிக்கலன்னா ஒங்கள எழுப்பிக் கேக்க முடியாது. இப்பவே சொல்லிருங்க."

எனக்குப் பயம் வந்துவிட்டது. சாக எனக்கு மனமில்லை. சரி என்றேன். நம்பிச் சொல்லவில்லை, வேறு வழியில்லாமல் சொன்னேன்.

கண் விழித்தபோது, கட்டியை எடுத்தாயிற்று, இடையில் ரத்தமும் ஏற்ற வேண்டியதாயிற்று என்று தாதி சொன்னார். இனி யாரோ ஒருவர் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கவே கூச்சமாக இருந்தது. மறுநாள் தம்பி வந்தான். அவன் முழங்கை மடிப்பில் ஒரு பிளாஸ்திரி.

"என்னடா இது?"

"ரத்தம் குடுத்தேன்கா. ஒனக்கில்ல, யாருக்கோ."

"யாருக்கோ நீ ஏன்டா குடுக்குற?"

"ஒனக்கு யாரு குடுத்தா? அதுவும் யாரோதான லா."

அவன் கையைப் பிடித்து இழுத்து, பிளாஸ்திரியின் ஓரத்தைக் கிள்ளி உரித்துப் பார்த்தேன். ஊசி குத்திய இடம் சிவந்திருந்தது. அதற்குப் பிறகுதான் அழுதேன்.