பத்து எண்ணும்வரை

எனக்குப் பொறுமை கிடையாது. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் பெண்டாட்டி சொல்லிவிடுவாள். பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப்போகும் டெம்போவைப் பல வருடம் ஓட்டியவன் நான். முன்னால் போகிறவன் ஒதுங்காவிட்டால் ஹாரனில் வைத்த கையை எடுக்க மாட்டேன். அப்படிப்பட்டவனைப் பிடித்து உட்காரவைத்து, வாயைத் திறக்காமல் மனசுக்குள் பத்து வரைக்கும் எண்ணு என்றால் எப்படி இருக்கும்? ஒரு வருடத்துக்கும் மேல் அதுதான் என் வேலையாக இருந்தது.

பாப்பாவுக்கு அப்போது ஐந்து வயது. ஓடுவாள், படி ஏறுவாள், தண்ணீர்த் தொட்டியில் வெயில் ஆடுவதை ஒரு மணி நேரம் நின்று பார்ப்பாள். பேச்சு மட்டும் வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். வளர்ச்சியில் தாமதம், வீட்டிலேயே தினமும் பயிற்சி கொடுக்க வேண்டும், யாராவது ஒருத்தர் கூடவே இருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மனைவிக்கு அரூரில் அரசாங்க ஆபீஸில் வேலை. அதை யாராவது விடுவார்களா? டெம்போ சாவியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்தேன். அந்த முடிவை எடுக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அதற்கப்புறம் வந்த பகல்கள்தான் நீண்டுகொண்டே போயின.

எங்கள் பக்கத்தில் ஊருக்குள் இல்லாமல் அவரவர் நிலத்திலேயே வீடு கட்டிக்கொண்டால் அதைக் கொட்டாய் என்போம். மாடி கட்டி டைல்ஸ் போட்டாலும் பெயர் கொட்டாய்தான். மொரப்பூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, நாலு பக்கமும் நிலமாக இருக்கிறது எங்கள் கொட்டாய். பக்கத்து வீடு என்றால் இரண்டு வயல் தள்ளி இருக்கும் என் சித்தியின் வீடு. ஏழரை மணி பஸ்ஸுக்கு மனைவி போய்விட்டால் சாயங்காலம் வரைக்கும் எனக்குப் பேச்சுத்துணை இல்லை. தூரத்தில் சேலம் ரயில் போகும் சத்தம் கேட்டால் அதுவே பெரிய விசேஷம். ஆரம்பத்தில் ரோட்டோர டீக்கடைக்குப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போவேன். "என்ன மாமா, இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று பையன்கள் கேட்பார்கள். கேலிதான், தப்பாகச் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் போவதை நிறுத்திவிட்டேன். மார்க்கெட் சிநேகிதர்களும் கொஞ்ச நாள் போன் செய்தார்கள். தக்காளி விலையைச் சொல்வார்கள், அதற்கப்புறம் பேச ஒன்றும் இருக்காது.

ஏன் பத்து எண்ணினேன் என்று சொல்ல வேண்டுமென்றால் மொரப்பூரில் நடந்த ஒரு கல்யாணத்தைச் சொல்ல வேண்டும். சித்திரை வெயில். ஒரு சாவுச் செய்தி வந்து, நானும் மனைவியும் பாப்பாவை மண்டபத்தில் சொந்தக்காரப் பெண்களிடம் விட்டுவிட்டு ஓடினோம். மத்தியானம் திரும்பி வந்தால் பிள்ளையின் உதடு வெடித்துக் கிடக்கிறது. மூன்று டம்ளர் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தாள். தண்ணீர் டிரம் பக்கத்திலேயேதான் அவ்வளவு நேரமும் நின்றிருந்திருக்கிறாள். யார் மேலும் தப்பில்லை. அவளுக்குத் தாகம் என்று யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். நாளைக்கு நாங்கள் இரண்டு பேரும் இல்லாமல் போனால், தாகத்தோடு நிற்கும் இந்தப் பிள்ளையை யார் கண்டுபிடிப்பார்கள்? அவள் பேசாவிட்டாலும் போகட்டும், எனக்கு வேண்டும் என்று ஒரு ஆளிடம் காட்டத் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். வேறு எந்த ஆசையும் அப்போது எனக்கு இல்லை.

பயிற்சி சொல்லித்தரும் டீச்சர் புதன்கிழமைதோறும் ஸ்கூட்டியில் வருவார். சின்ன வயசுப் பெண். முதல் இரண்டு வாரம் ஒன்றும் சொல்லாமல் எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் சொன்னார்: "பாப்பா பேசாததுக்கு நீங்க காரணம் இல்லைங்கண்ணா. ஆனா அவ கேக்கறதுக்கு இந்த வூட்ல எடமே இல்லைங்க. எல்லாம் முன்னாலயே கைக்கு வந்துடுது."

சுருக்கென்று இருந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. எங்கள் குடும்பத்தில் கேட்பது என்பதே அசிங்கம். வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் அது அவமரியாதை, கேட்காமல் தட்டை வைத்துவிட வேண்டும். பசிக்கிறது என்று ஒரு பிள்ளை வாய் திறந்து கேட்டுவிட்டால் அந்த வீட்டுப் பெரியவர்களுக்குத் தலைகுனிவு. நானும் பெரிதாக யோக்கியன் இல்லை. கட்டிய நாளாக மனைவியிடம் ஒரு வாய் தண்ணீர் கேட்டதில்லை, தானாக வரும். வராவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் பிள்ளை அழுவதற்கு முன்னாலேயே பால் வந்துவிடும்.

டீச்சர் செய்து காட்டினார். ஸ்டூலில் தண்ணீர் டம்ளர். பாப்பாவுக்கு நேராக, முழங்கால் தொடுகிற மாதிரி கீழே உட்கார வேண்டும். டம்ளரை எடுத்து நம் கன்னத்துக்குப் பக்கத்தில், கண்ணுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் டம்ளரைப் பார்க்கிறபோது நம் முகத்தையும் பார்ப்பாள். பேசாமல் பத்து எண்ண வேண்டும். ஒரு பார்வை, ஒரு விரல், ஒரு முனகல், எது வந்தாலும் அந்த நிமிஷமே கொடுத்துவிட வேண்டும். ஒன்றுமே வராவிட்டாலும் பத்து முடிந்ததும் கொடுத்துவிட வேண்டும். பாலோ முறுக்கோ, எல்லாவற்றுக்கும் இதே முறைதான். ஒரு நோட்டில் கட்டம் போட்டுத் தந்தார். தேதி, என்ன பொருள், கேட்டாளா?

பத்து என்பது சின்ன எண் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் என் இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பாப்பா டம்ளரைப் பார்க்க மாட்டாள், என்னையும் பார்க்க மாட்டாள், என் தோளுக்கு மேலே சுவரைப் பார்ப்பாள். ஏழு எட்டு என்று எண்ணும்போது, இந்த உலகத்தில் நான் ஒருத்தன்தான் மிச்சம் இருக்கிறேன் என்று தோன்றும். எதிரில் பிள்ளை இருக்கிறாள், ஆனாலும் தனியாகத்தான் இருந்தேன். பத்து. கொடுத்துவிட்டு நோட்டில் 'இல்லை' என்று எழுதுவேன். ஒரு நாளைக்குப் பதினைந்து முறை 'இல்லை'.

அப்புறம் என் புத்தி வேலையைக் காட்டியது. பத்துக்கு வராதவள் ஐம்பதுக்கு வருவாள் என்று முடிவு செய்தேன். ஒரு நாள் இருநூறு வரைக்கும் போனேன். பாப்பா தன் கையைத் தானே கடித்துக்கொண்டாள், பல் பதிந்துவிட்டது. புதன்கிழமை வந்த டீச்சர் அந்தத் தழும்பைப் பார்த்தார். "பத்து தாங்கண்ணா எண்ணச் சொன்னேன். பகலு பூரா எண்ணச் சொல்லலைங்க" என்றார். என் வயசில் பாதி இருக்கிற பெண்ணிடம் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அன்றைக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

இது போதாதென்று சித்தி. கீரை கொடுக்க வந்தவர், நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு கல்லாட்டம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். "ஏண்டா, வாயில்லாத புள்ளகிட்ட தண்ணிய வெச்சி வெளயாட்டு காட்டறியே, நெஞ்சுல ஈரம் இருக்குதா உனக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். அது ஊரெல்லாம் பரவிவிட்டது. அதற்கப்புறம் எங்கள் கொட்டாய்ப் பக்கம் வந்துபோன நாலு பேரும் வருவதில்லை.

மூன்று மாதம் கழிந்தது. நோட்டு முழுக்க 'இல்லை'. டீச்சருக்கே குழப்பம். காலையில் வெறும் வயிற்றோடு இருக்கும் பிள்ளைக்கு முதல் டம்ளர் பாலின் மேல் கொஞ்சமாவது ஆசை வர வேண்டுமே என்றார். காலைப் பயிற்சிதான் முக்கியம் என்று அதைத்தான் நான் மலைபோல நம்பிக்கொண்டிருந்தேன்.

விஷயம் ஒரு நாள் காலையில் தெரிந்தது. ஆறு மணிக்கு நான் பால் கறக்கப் போவது வழக்கம். அன்றைக்கு மாடு உதைத்துவிட்டது, பாதியிலேயே திரும்பி வந்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என் மனைவி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பாப்பாவுக்கு இட்லியைப் பாலில் கரைத்து அவசர அவசரமாக ஊட்டிக்கொண்டிருந்தாள். திருடி அகப்பட்ட மாதிரி என்னைப் பார்த்தாள். மூன்று மாதமும் இதுதான் நடந்திருக்கிறது. வயிறு நிறைந்த பிள்ளையிடம்தான் நான் எட்டு மணிக்கு டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கும்பிடாத குறையாக உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். "கேக்க வெச்சி சோறு போடற வூடாங்க நம்ம வூடு? எம்புள்ள கையேந்தித்தான் தின்னணுமா? என்னால முடியலைங்க" என்றாள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தும், முகத்தைக்கூடக் கழுவாமல் அப்போதே கிளம்பிப் போனாள்.

அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஊட்டுவதை அவள் நிறுத்தினாளா, இடத்தை மாற்றினாளா என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்பதற்கு என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. டீச்சரும் அப்போது லீவு. எட்டு மணிக்கு உட்காருவேன், எண்ணுவேன், 'இல்லை' என்று எழுதுவேன். அந்த நாட்களில் நான் பேசிய ஒரே ஆள் மாடுதான்.

அப்போதுதான் எனக்குக் காய்ச்சல் வந்தது. மனைவியிடம் சொல்லவில்லை. தானாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று வீம்பு. அவள் பஸ்ஸுக்குப் போனதும் பாப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்து, கதவைத் தாழ் போட்டுவிட்டுப் பாயில் விழுந்தேன். உடம்பெல்லாம் உளைச்சல், நாக்கு ஒட்டிக்கொண்டது. ஸ்டூலில் பயிற்சிக்கு வைத்த டம்ளரில் தண்ணீர் இருந்தது. எழுந்து போக முடியவில்லை. அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

பாப்பா எங்கிருந்தோ வந்தாள். நான் பார்த்த இடத்தைப் பார்த்தாள். டம்ளரை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு வந்தாள். நான் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்ததும், என் முட்டியில் அவள் முட்டி இடிக்கிற மாதிரி எதிரே உட்கார்ந்தாள். நான் கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. டம்ளரைத் தன் கன்னத்துக்குப் பக்கத்தில், கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். நான் பிடிப்பது போலவேதான். எனக்குக் கோபம்கூட வந்தது. மறுபடியும் கையை நீட்டினேன், பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அப்போதுதான் பார்த்தேன். சுவரைப் பார்க்கவில்லை. என் கண்ணையே பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, காத்திருந்தாள்.

"தண்ணி குடும்மா" என்று கேட்டேன். அந்த நிமிஷமே கொடுத்தாள். பாதி என் சட்டையில் சிந்தியது. மிச்சத்தைக் குடித்துவிட்டு அழுதேன், நன்றாகவே அழுதேன். அவள் எழுந்து ஜன்னல் வழியாகத் தொட்டியைப் பார்க்கப் போய்விட்டாள். நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். 'கேட்டாளா?' என்ற கட்டத்தில், 'நான் கேட்டேன். கொடுத்தாள்' என்று எழுதினேன்.

சாயங்காலம் மனைவி வந்ததும் நோட்டை எடுத்து நேராக அன்றைய பக்கத்தைப் புரட்டினாள். தினமும் பார்த்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். படித்துவிட்டு வந்து என் நெற்றியில் கை வைத்தாள். "காய்ச்சல் இப்படி அடிக்குது. ஒரு போன் பண்ணி வான்னு கூப்பிடக் கூடாதா? வாயத் தொறந்து கேட்டாத்தானுங்க அடுத்தவங்களுக்குத் தெரியும்" என்றாள். சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். தான் சொன்னது தனக்கே கேட்டிருக்க வேண்டும். இரண்டு பேரும் பாப்பாவைப் பார்த்தோம். அவள் தரையில் உட்கார்ந்து செருப்பு வாரை இழுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மனைவியை லீவு போடச் சொல்லிக் கேட்டேன், போட்டாள். காய்ச்சல் விட்டதும் ஒரு காலையில், ஆறு மணிக்கு அவள் தொட்டிப் பக்கம் போகவில்லை. பாலைக் காய்ச்சி ஆற்றி டம்ளரில் ஊற்றினாள், ஸ்டூலில் வைத்தாள், பையை மாட்டிக்கொண்டாள். பிள்ளையைத் தூக்கக்கூட இல்லை. தூக்கினால் ஊட்டிவிடுவாள், அது அவளுக்கே தெரியும். ரோடு வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

நான் பாப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து டம்ளரைக் கன்னத்தோடு பிடித்தேன். எண்ண ஆரம்பித்தேன். ஆறு எண்ணும்போது அவள் என் கண்ணைப் பார்த்தாள். ஏழில் அவளுடைய ஒற்றை விரல் டம்ளரைத் தொட்டது.

கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டேன். பஸ் இரைச்சலுக்கு நடுவே, "என்னங்க?" என்றாள். சொல்ல வாயைத் திறந்தேன், பேச்சு வரவில்லை. அவள் போனை வைக்காமல் காத்திருந்தாள்.