செவலை கார் ஏறிய நாள்

எங்கள் நாயை இலுப்பூர் வரை காரில் பத்திரமாகக் கொண்டு சேர்த்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. கேட்கிறவர்கள் பாடு அவர்களோடு.

அக்காவைக் கட்டிக்கொடுத்துப் புருஷன் வீட்டுக்கு அனுப்புகிற நாள் அது. பர்மாவிலிருந்து யுத்தத்துக்கு முன்பே திரும்பிவிட்ட சித்தப்பாவிடம், கூரையை மடக்கி வைக்கிற கார் ஒன்று இருந்தது. செவலையும் கூட வந்தால்தான் ஏறுவேன் என்று அக்கா சாதித்துவிட்டாள். குட்டியிலிருந்தே அவள் சோறு வைத்து வளர்த்த நாய். அண்டாவோடும் மெத்தையோடும் ஒரு நாயும் சீராகப் போனது எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவை.

சித்தப்பா அதன் கழுத்தில் கயிற்றைப் போட்டு, மறுமுனையைக் கார்க் கதவில் கட்டினார். வண்டி நகர்ந்ததும் பெண்கள் குலவை போட்டார்கள். குலவை கேட்டால் செவலைக்குக் கிறுக்குப் பிடித்துவிடும் என்பது தெருவுக்கே தெரியும். அந்த அவசரத்தில் யாருக்கும் அது நினைவில்லை. ஒரே தாவு. கதவுக்கு வெளியே கழுத்துக் கயிற்றில் தொங்கியது. அக்கா அலறினாள். சித்தப்பா பிரேக் போட, அப்பா ஓடிவந்து நாயை அள்ளித் தூக்கினார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

"வேணாம்மா, இது இங்கிட்டே கெடக்கட்டும்" என்றார் அப்பா. அக்கா காரை விட்டு இறங்கப் போனாள்.

நான் குறுக்கே புகுந்தேன். "கழுத்துல கட்டுனா செத்துப்போகும்ப்பா. நெஞ்சோட சேத்து, குட்டையாக் கட்டணும். நான் கட்டுறேன்."

வீட்டில் கன்றுக்குட்டிகளைக் கட்டுவது என் வேலை. முடிச்சில் என்னை மிஞ்ச ஆளில்லை. அக்காவின் பழைய சேலையைக் கிழித்தேன். நல்ல நாளில் துணியைக் கிழிக்கிறாளே என்று அத்தை முணுமுணுத்தாள். நெஞ்சைச் சுற்றி முதுகில் முடிந்து, நுனியை முன் இருக்கையின் அடிக்கம்பியில் கட்டினேன். செவலை நிற்கலாம், படுக்கலாம், தாவ முடியாது. நானும் கீழே அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். புதுக்கோட்டையில் நிறுத்தித் தண்ணீர் காட்டியபோதும் கட்டை அவிழ்க்கவில்லை.

இலுப்பூரில் கார் நிற்பதற்குள் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் குலவை எடுத்துவிட்டார்கள். செவலை துள்ளியது. சேலை இழுத்துப் பிடித்தது. மறுபடி துள்ளிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டது.

"நீ கெட்டிக்காரிதான்டி ஆத்தா!" என்று சித்தப்பா எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

விருந்து முடிந்து நாங்கள் கிளம்புமுன், கொல்லைத் தூணில் அதே சேலையால் செவலையைக் கட்டினேன். அக்கா வந்து அந்த முடிச்சை விரலால் தடவிக்கொண்டே நின்றாள்.

"இம்புட்டு இறுக்கிக் கட்டிட்டியேடி. அதுக்கு நம்ம வீட்டு நெனப்பு வந்தா என்ன செய்யும்?"

"வந்தா வரட்டும்க்கா. என் முடிச்சு அவுராது" என்றேன் பெருமையாக.

அவள் முடிச்சிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள். காரில் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஜம்மென்று உட்கார்ந்து ஊர் திரும்பினேன். அவள் நாயைப் பற்றித்தான் கேட்டாள் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.