மரத்தை இழுத்த வள்ளம்

மின்மோட்டரை வள்ளத்தில் பூட்டித் தருபவரிடம் எல்லோரும் கேட்பது வேகம். ஒருவரும் சொல்லாதது சுமை. பிறருக்கு எதையேனும் பூட்டிக் கொடுத்து அவதிப்பட்ட வாசகர்களுக்கு இது விளங்கும். பௌதிகவியல் ஆசிரியராக ஓய்வுபெற்றபின், துணுக்காயில் என் மருமகனின் பட்டறையில் கியர் எனப்படும் பற்சில்லுகளின் விகிதம் கணிப்பது என் பொறுப்பாயிற்று.

ஒன்றுக்கு ஒன்று

தன் வள்ளத்துக்கு மோட்டர் பூட்ட வந்த யோகன் வயலும் செய்பவர், குளத்தில் மீனும் பிடிப்பவர். மீன் வாங்கும் றியாஸ் நானா காலை ஏழு மணிக்குக் குளக்கட்டுக்கு வருவார்; எவருக்காகவும் காத்திருக்கமாட்டார். வேகமாகச் சுற்றும் மோட்டரை ஏன் பற்சில்லு வைத்து மெதுவாக்க வேண்டும் என்று யோகன் வாதிட்டார். நான் மறுத்தும், நீருக்குள் சுழலும் விசிறியை மோட்டருடன் நேரே பூட்டுவித்தார்.

மறுநாள் நடுக்குளத்தில் மோட்டர் சூடேறி நின்றுவிட்டது. துடுப்பு வலித்துக் கரைசேர்ந்தபோது நானா போய்விட்டிருந்தார். மீன் வெயிலில் பழுதாயிற்று. பட்டறைக்கு வந்த யோகன் சொன்னது:

"மோட்டரிலை முட்டை பொரிச்சிருக்கலாம் ரீச்சர். வள்ளம்தான் அசையேல்லை."

தராசின் சாட்சி

இம்முறை பரிசோதித்தே தீர்மானிப்பது என்றேன். வள்ளத்தைக் கரையிலுள்ள மருத மரத்தில் கட்டி, கயிற்றின் இடையே மீன் நிறுக்கும் தொங்குதராசைக் கொளுவினோம். நேர்ப்பூட்டில் முள் பத்துக் கிலோவைத் தாண்டவில்லை. மோட்டர் இரண்டு சுற்றுச் சுற்ற விசிறி ஒரு சுற்றுச் சுற்றியபோது பதினெட்டு. மூன்றுக்கு ஒன்றில் இருபத்துமூன்று. ஐயத்துக்கு இடமில்லை, மூன்றுக்கு ஒன்றையே பூட்டும்படி பணித்தேன்.

வேடிக்கை பார்த்து நின்ற றியாஸ் நானா சொன்னது:

"மரத்தை இழுக்கிறதுக்கெண்டா இது திறம் சாமான், ரீச்சர்."

உழவுக் கியர்

அவர் சொன்னது கேலி என்று நினைத்தேன், உண்மையாயிற்று. மோட்டர் வீரிட்டது, சூடேறவுமில்லை. வள்ளமோ எருமை நடையில் ஊர்ந்தது. அன்றும் யோகனுக்கு நானா அகப்படவில்லை. மூன்றாம் முறையும் பிந்தினால் வேறொருவரிடம் மீன் எடுப்பதாக அவர் சொல்லியனுப்பியிருந்தார்.

பிழை என்னுடையது. கட்டிய வள்ளத்தின் விசிறி நின்ற நீரைத் தள்ளுகிறது. வள்ளம் ஓடத் தொடங்கினால், மேலும் தள்ளுவதற்கு விசிறி இன்னும் விரைவாகச் சுழல வேண்டும். மோட்டரோ தன் உச்ச வேகத்தை ஏற்கனவே எட்டிவிட்டது. இதை நான் விளக்கத் தொடங்குமுன் யோகன் முடித்துவிட்டார்:

"லான்ட்மாஸ்டரை உழவுக் கியரிலை போட்டு ரோட்டிலை ஓடின மாதிரிக் கிடக்கு, ரீச்சர்."

ஏழு மணிக்கு முன்

இரண்டுக்கு ஒன்றைப் பூட்டி, இம்முறை மரத்தை விட்டுவிட்டு, ஓடும் வள்ளத்திலேயே சோதித்தோம். நனைந்த வலை, மீனுக்குப் பதிலாக மணல் மூட்டைகள், யோகன், கையில் கடிகாரத்துடன் நான். தாமரைக் கொடிகளுக்குள்ளும் வேகம் குன்றவில்லை. அரை மணி ஓடிய பின்னும் மோட்டரில் கைவைக்க முடிந்தது.

அடுத்த நாள் காலை குளக்கட்டுக்குப் போனேன். யோகன் ஆறே முக்காலுக்கே மீனை இறக்கி, ஈரச்சாக்கால் மூடிவிட்டு, வீதியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏழு கடந்து பத்து நிமிடமாயிற்று. என்னிடம் திரும்பிச் சொன்னார்:

"நானாவைக் காணேல்லை ரீச்சர். அவரின்ரை மோட்டச்சைக்கிளுக்கும் ஒரு விகிதம் பாருங்கோவன்."

முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் நான் ஓட்டிய வள்ளங்கள் ஒன்றிலும் மீன் இருக்கவில்லை என்பதைத் தவிர, என் கணக்கில் பிழையேதும் இல்லை.